மீந்த உணவு மிதமிஞ்சி வந்தால் என்ன செய்வது?

கோலாலம்பூர் செந்தூலில், மிஞ்சும் உணவை வாங்கி இல்லாதவருக்குக் கொடுக்கும் உணவு மீட்புக் குழு ஒன்றில் அண்மையில் சேர்ந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்குக் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து கூப்பிட்டு, 150 பேருக்கான கோழி பிரியாணியையும் தயிர்ப் பச்சடியையும் எடுத்துப் போகச் சொன்னார்கள். தெரிந்த இரண்டு பராமரிப்பு இல்லங்களும் வேண்டாம் என்றுவிட்டன. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் கொடுக்கலாமா? இப்படி அளவுக்கு மீறி வந்தால் பொதுவாக என்ன செய்வது? சாப்பிட்டவர் யாருக்காவது நோய் வந்தால் சட்டம் நம் மேல் பாயுமா?

அந்தப் பிரியாணியை மறுநாள் கொடுக்கக் கூடாது, தங்கை. அன்றிரவே கொடுத்திருந்தாலும் தவறுதான். எட்டு மணி விருந்துக்கு மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே சமைத்து இறக்கிவிடுவார்கள். உங்கள் கைக்கு வரும்போதே அதற்கு ஐந்து மணி நேரமாவது வயதாகிவிட்டது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு பள்ளிகளுக்கும் விருந்து நடத்துபவர்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. நம் ஊர் வெப்பத்தில் அது சும்மா சொல்லப்படும் எச்சரிக்கை அல்ல. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். கோலாலம்பூரில் ராத்திரி பத்து மணிக்கு மூடிபோட்ட அண்டா நிற்பது அந்த இடைவெளியின் நட்டநடுவில்.

"நன்றாகச் சூடு பண்ணிக் கொடுத்தால் போதாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். உலை கொதிக்கும்போதும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரம் பார்த்து முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு நம் அடுப்புச் சூட்டுக்கு முறிவதில்லை. கெட்டியான கறியில் வேறொன்று இருக்கிறது, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ். பெரிய அண்டாவில் மேல்பகுதி ஆறினாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஆறாது. 45 டிகிரி வாக்கில் அந்தக் கிருமி ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். வெறுங்கை பட்ட உணவில் ஸ்டாபிலோகாக்கஸ் விடும் நஞ்சும் சூட்டுக்கு அசையாது. இவை எதற்கும் வாடை கிடையாது, சுவையும் மாறாது. ஊசிப்போன உணவைத்தான் மூக்கு கண்டுபிடிக்கும், நஞ்சேறிய உணவை அல்ல. சாப்பிடப் போவது எண்பது வயதுத் தாத்தாவும் நான்கு வயதுப் பிள்ளையும் என்றால், நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடும்.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டி இதற்கு உதவாது. பத்துக் கிலோ சூடான சோற்றை உள்ளே தள்ளினால் சோறு ஆற விடிந்துவிடும், உங்கள் வீட்டுப் பாலும் மீனும்கூடச் சேர்ந்து சூடேறும்.

ஆகவே அன்றிரவு 150 பேருக்கான உணவு மிஞ்சியதாக நீங்கள் நினைப்பதை நான் ஒப்பவில்லை. கொடுக்கத்தக்க உணவு அங்கே இல்லவே இல்லை. இந்த வேலையில் அளவைத் தீர்மானிப்பது கடிகாரம். எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை மணிக்கு இறக்கினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இதே பிரியாணி எட்டரை மணிக்குக் கிடைத்திருந்தால் ஒன்பதரைக்குள் பி.பி.ஆர். எனும் அரசு மலிவு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கரைந்திருக்கும்.

எட்டரைக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். மிஞ்சப்போகிறது என்பது அடுப்படிக்கு அப்போதே தெரியும். ஆயிரம் பேருக்குச் சமைத்த இடத்தில் எத்தனை மேசை நிரம்பியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தாலே, கடைசி இரண்டு அண்டாவின் மூடி திறக்குமா திறக்காதா என்று சமையல் பொறுப்பாளர் சொல்லிவிடுவார். ஆனால் அவராக வாய் திறக்கமாட்டார். விருந்து முடியும் முன்பே அண்டாவை வெளியே அனுப்பி, பிறகு யாருக்காவது இல்லாமல் போனால் பழி அவர் தலையில் விழும். எனவே பேச வேண்டியது கல்யாண வீட்டாரிடம், அதுவும் விருந்துக்கு முந்தைய வாரமே. "எட்டரை மணிக்கு எங்கள் ஆள் அடுப்படிக்கு வருவார். திறக்காத அண்டாக்களில் எவற்றை விடலாம் என்று நீங்கள் சொல்லும் ஒரு பெரியவரும் சமையல்காரரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். மேசைக்குப் போனதை நாங்கள் தொடமாட்டோம்." இவ்வளவுதான் ஒப்பந்தம். பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கேட்டதும் மகிழ்ச்சியாகச் சம்மதிப்பார்கள். நல்ல நாளில் நாலு பேர் பசியாறினார்கள் என்பது அவர்களுக்கும் நிறைவு. மண்டப மேலாளர் முன்பதிவு எடுக்கும்போதே இதைச் சொல்லிவைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

முன்னேற்பாடு இல்லாமல் திடீரென்று கூப்பிடுகிறவர்களும் இருப்பார்கள். தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். எப்போது இறக்கியது? இன்னும் கை வைக்க முடியாத சூடாக இருக்கிறதா? விருந்தினர் கரண்டி போட்டு அள்ளியதா, அடுப்படியிலேயே இருந்ததா? என்ன இறைச்சி? நாங்கள் வந்து சேர அரை மணி நேரம் ஆகும், அதற்குள் மூடி வைத்திருப்பீர்களா? பதில் தடுமாறினால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். தயிர்ப் பச்சடி, தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் பாயசம், வெட்டிய பழம், இறால், மயோனைஸ் கலந்த சாலட் ஆகியவை மேசையில் உட்கார்ந்திருந்தால் நேரம் எதுவானாலும் வேண்டாம். உங்களுக்கு வந்த பச்சடியை எப்படியும் கொட்டத்தான் வேண்டியிருந்திருக்கும்.

அன்னத்தை வேண்டாம் என்று சொல்ல நமக்கு நா எழாது. சிந்திய பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பாட்டிமார் வளர்த்த பிள்ளைகள் நாம். அந்த மரியாதையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தின் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியதை நம் வேனில் ஏற்றி, இல்லத்தின் குப்பைத் தொட்டியில் இறக்குவது அன்னத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கொட்டும் வேலையும் கொட்டும் மனக்கஷ்டமும் வசதியுள்ளவர் கையிலிருந்து வசதியில்லாதவர் கைக்கு மாறுகின்றன, அவ்வளவே. தன்னார்வலர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் திறமை மறுப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த இரண்டு இல்லங்கள் மேல் உங்களுக்கு வருத்தம் இருப்பது எழுத்தில் தெரிகிறது. வேண்டாம், அவர்கள் உங்களுக்கு நல்லதுதான் செய்தார்கள். பெரும்பாலான இல்லங்கள் மறுப்பதில்லை. ஒருமுறை மறுத்தால் அடுத்த முறை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். கெப்போங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பொறுப்பாளர் அம்மா உறைபெட்டியைத் திறந்து காட்டினார். மேல்தட்டு முழுக்க ரொட்டி. அதன் கீழே தேதி எழுதாத ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரியாணி. அடித்தட்டில் பாதி பிறந்தநாள் கேக், அதன்மேல் சிவப்புக் கிரீமில் ஏதோ ஒரு குழந்தையின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகள். "மீன் வைக்க இடமில்லை" என்றார். அவருக்கு அன்று வேண்டியிருந்தது மீன், முட்டை, கீரை, பெரியவர்களுக்கான டயப்பர். கொண்டுவந்து கொடுத்தவர்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

இல்லங்களுக்கு வரும் உணவு நல்ல நாள் பார்த்து வருகிறது. தீபாவளிக்கு முறுக்கும் லட்டும் மூட்டையாக, நோன்பு மாதத்தில் பிரியாணியும் குவே எனும் மலாய்ப் பலகாரமும், கிறிஸ்மசுக்குக் கேக். தைப்பூசம் முடிந்தபின் வரும் வாரங்களில் வாசல் வெறிச்சோடிக் கிடக்கும். வருவதும் பெரும்பாலும் அரிசி, எண்ணெய், இனிப்பு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் கூடுதல். முதியோர் இல்லத்துக்கு மூன்றாவது நாளாக லட்டு கொண்டுபோகிறவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகையால் உணவு வருவதற்கு முன்பே ஒரு பட்டியல் போடுங்கள். உங்கள் பகுதியில் யார், எத்தனை பேர், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், கடைசியாக எத்தனை மணிக்கு வாங்கிக்கொள்வார்கள், எந்தக் கிழமை சைவம், குளிர்பதனப் பெட்டியில் எவ்வளவு இடம், என்ன வேண்டவே வேண்டாம். ஒவ்வொருவரிடமும் "மறுத்தாலும் அடுத்த முறை உங்களைத்தான் முதலில் கூப்பிடுவோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொன்னபிறகுதான் உண்மையான பதில்கள் வரும்.

இல்லங்களில் முதியவர்களும் பிள்ளைகளும் ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். இரவு ஒன்பதுக்கு வரும் உணவுக்கு வேறு வாய்கள் வேண்டும். அடுக்ககக் காவலர்கள், இரவு வேலைக்குப் போகும் துப்புரவுப் பணியாளர்கள், புடு, சௌக்கிட் பக்கம் ஓர் அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள், செலாயாங்கில் ரோஹிங்கியா குடும்பங்கள். இவர்களையெல்லாம்விட விரைவாக உணவு கரையும் இடம் பி.பி.ஆர். குடியிருப்புதான். பத்து மூடாவிலும் பந்தாய் டாலாமிலும் முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கட்டடங்கள் நிற்கின்றன. ஒரு கட்டடத்துக்கு நம்பிக்கையான ஓர் அக்கா இருந்தால் போதும். வாட்ஸ்அப் குழுவில் "பிரியாணி, கோழி, ஹலால், மாலை ஆறுக்கு இறக்கியது, பத்து மணிக்குள் சாப்பிடவும், பாத்திரத்தோடு வாருங்கள்" என்று அவர் ஒரு செய்தி போட்டால் மின்தூக்கி வாசலில் கொஞ்ச நேரத்தில் அண்டா காலி. அவரவர் பாத்திரத்தில் வாங்கிக்கொள்வதால் பிளாஸ்டிக் டப்பாவும் மிச்சம், தேவைக்குமேல் யாரும் எடுப்பதில்லை. 150 பேருக்கான உணவை ஓர் இல்லத்தின் தலையில் கட்டுவதைவிட நாற்பது வீடுகளுக்குப் பிரித்துவிடுவது எல்லா வகையிலும் மேல்.

வீடற்றோருக்கு நேரே கொண்டுபோக நினைத்தால் கிழமையைப் பாருங்கள். மேடான் துவாங்கு பக்கம் சனி, ஞாயிறு இரவுகளில் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரே ஆளுக்கு மூன்று பொட்டலம் கிடைத்து, இரண்டு தெருவோரத்தில் கிடக்கும், எலிகள் சேரும். 2014 ஜூலையில் அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் நகர மையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் தெருவில் உணவு கொடுக்கவே தடை என்று அறிவித்தார். தெருவில் சேரும் குப்பையும் அப்போது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அந்தத் தடை எனக்கு உடன்பாடில்லை, பசித்தவரைக் கண்மறைவாக்குவது நகரத்துக்கு அழகல்ல. ஆனாலும் வாரக் கடைசியில் குவிந்து செவ்வாய், புதனில் காணாமல்போகும் நம் பழக்கத்தையும் மாற்றியாக வேண்டும்.

இனி, பாத்திரம் பண்டங்கள். ஊசிமுனை வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பெரிய விலை இல்லை. ஐஸ் தண்ணீரில் விட்டால் பூச்சியம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் நம்பாதீர்கள். அண்டாவின் நடுவில் குத்திப் பாருங்கள். 60 டிகிரிக்கு மேல் இருந்தால், மூடி இறுக்கி, நேரே சாப்பிடுபவரிடம் கொண்டுபோகலாம். அடுத்த நாளுக்கு வைக்க வேண்டுமென்றால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, ஐஸ்மேல் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்க வேண்டும். மறுநாள் 75 டிகிரிக்குமேல் ஒரே ஒருமுறை சுடவைக்கலாம். பெரிய உணவு வங்கிகளிடம் இதற்கான குளிர் அறைகள் உண்டு. அது இல்லாத சிறிய குழுக்கள் சமைத்த உணவை இரவு தங்கவைக்கக் கூடாது, நாம் உட்பட. உணவைத் தொடும் எல்லோரும் உணவு கையாள்வோர் பயிற்சிக்குப் போய், டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். அங்காடிக்காரருக்கு உள்ள கட்டாயத்தை நாமும் ஏற்றுக்கொள்வது நியாயம்.

சமைக்காத பொருள்கள் இவ்வளவு அவசரப்படுத்தாது. செலாயாங் மொத்தச் சந்தையில் கூடை கூடையாகச் சவிக் கீரையும் தக்காளியும் கிடைத்தால், அழுகியதை அங்கேயே கழித்துவிட்டுக் கழுவாமல் எடுத்து வாருங்கள். ஈரம் பட்டால் மறுநாள் நிற்காது. தக்காளியைத் தொக்காக்கலாம், கனிந்த வாழைப்பழத்தை உரித்து உறையவைக்கலாம். ரொட்டியையும் உறைபெட்டியில் வைக்கலாம்தான், ஆனால் கெப்போங் அம்மாவின் உறைபெட்டியை மறக்காதீர்கள்.

நம் ஊரில் இன்னொன்று உண்டு, அதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. யாருடைய உணவு யாருக்குப் போகலாம் என்பது. பன்றியிறைச்சி சேராதது எல்லாம் ஹலால் ஆகிவிடாது. சீன உணவகத்துக் காய்கறியில் சமையல் மது சேர்ந்திருக்கலாம். ஹலால் உணவுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, வேனில் தனி இடம். மாட்டிறைச்சி இருந்தால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சைவத்தில் ஏமாறுவதுதான் அதிகம். ஹோட்டலிலிருந்து வரும் கங்கோங் பொரியல் பார்க்கக் கீரை மாதிரிதான் இருக்கும், உள்ளே பெலாச்சான், அதாவது இறால் விழுது, இருக்கும். நாசி லெமாக் சம்பலில் நெத்திலி அரைபட்டிருக்கும். புரட்டாசி மாதமோ தைப்பூச விரதமோ இருப்பவருக்கு அதைக் கொடுத்துவிட்டு "தெரியாது" என்று சொல்வது பெரிய குற்றம். இறால், கடலை ஒவ்வாதவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத உணவைத் தெரியாதது என்றே எழுதிக் கொடுங்கள், வாங்குகிறவர் முடிவு செய்யட்டும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020, அதாவது சட்டம் 826, நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்ட உணவால் தீங்கு நேர்ந்தால் கொடையாளர் மீதான சிவில் பொறுப்பிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் கொடுப்பவர் கையை விட்டுப் போகும்போது உணவு பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும், அலட்சியத்துக்கு அது குடை பிடிக்காது. 1983 உணவுச் சட்டமும் 2009 உணவுத் தூய்மை விதிமுறைகளும் அப்படியே இருக்கின்றன. தயங்கும் ஹோட்டல்காரரிடம் சட்டம் 826-ஐச் சொல்லுங்கள், அவருடைய தயக்கம் பாதி தீரும். உங்களுக்குப் பாதுகாப்பு உங்கள் நோட்டுப் புத்தகம்தான். எங்கே, யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சூட்டில் வாங்கினீர்கள், யாருக்கு எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். உணவு நச்சு என்பது சுகாதாரத் துறைக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோய். அவர்கள் விசாரிக்க வரும்போது அந்த ஒரு வரி, மற்றவர்களும் அதைச் சாப்பிடாமல் தடுக்கும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொட்ட வேண்டியது கொஞ்சம் வரத்தான் செய்யும். குழம்பைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், எலிக்காய்ச்சலுக்கு விருந்து வைக்கிறோம். மாட்டுக்குப் போட்டால் புண்ணியம் என்று சோற்றை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். சமைத்த சோறு அளவுக்கு மீறினால் மாட்டின் இரைப்பையில் அமிலம் ஏறி அது செத்துப்போகும். கோழி எலும்பை நாய்க்கும் வேண்டாம். காய்கறிக் கழிவுகளை உரக்குழிக்கும், சமைத்த மிச்சத்தைக் கறுப்புப் படைவீரன் ஈ வளர்ப்பவர்களுக்கும் கொடுக்கலாம். அதன் புழுக்கள் எண்ணெய், மசாலா, இறைச்சி எல்லாவற்றையும் தின்றுவிடும். இதற்கும் வழியில்லாதது தாமான் பெரிங்கின் குப்பை மாற்று நிலையம் வழியாகப் புக்கிட் தாகார் குப்பைப் புதைகுழியில் புதைந்து மீத்தேனாகும். நாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 17,000 டன் உணவுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் ஏறக்குறைய கால் பங்கு இன்னும் சாப்பிடத்தக்கது என்றும் திடக்கழிவு நிர்வாகக் கழகம் முன்பு கணக்குச் சொன்னது.

கொட்டியதை எடைபோட்டு, உணவு கொடுத்தவருக்கு மறுநாளே சொல்லுங்கள். "அண்ணா, நேற்று நாற்பது கிலோ சோறு போய்விட்டது" என்று கேட்ட சமையல்காரர் அடுத்த விருந்தில் கடைசி உலையைக் கொஞ்சம் தாமதித்து வைப்பார். நீங்கள் இந்த வாரமே அந்த மண்டபத்துக்குப் போய் மேலாளரைப் பாருங்கள். குற்றம் சொல்லும் குரலில் பேச வேண்டாம், அவர்களும் நல்ல மனத்தோடுதான் கூப்பிட்டார்கள். எட்டரை மணி ஏற்பாட்டை ஒரு தாளில் எழுதி, உங்கள் குழுவில் இருவரின் எண்களோடு கொடுத்துவிட்டு வாருங்கள். திரும்பும் வழியில் பத்து மூடாவில் இறங்கி, கட்டடத்துக்கு ஒருவர் என்று அந்த அக்காக்களைத் தேடத் தொடங்குங்கள்.